மஞ்ச வெளக்குக்கு ரெண்டு அழுத்து

விசாரணை நடந்தபோது மேனேஜர் அறையில் இருந்தவர்களையும், அவரவர் உட்கார்ந்திருந்த இடத்தையும் முதலில் எழுதிவிடுகிறேன். மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகு காட்டி, மில் மேனேஜர் சீனிவாசலு. அவருக்கு வலது கைப்பக்கம், பீரோவை ஒட்டிப் போட்ட முக்காலியில், கோனிங் டிபார்ட்மெண்ட் சூப்பர்வைசர் ரங்கராஜ். எதிரே இரண்டு இரும்பு நாற்காலிகள். ஒன்றில் சங்கத்துச் செயலாளர் ஜபருல்லா, நன்றாகச் சாய்ந்து. இன்னொன்றில், விளிம்பில் மட்டும், ராசாத்தாள். எங்கள் எல்லோருக்கும் ராசாத்தக்கா. பதினான்கு வருஷ வேலையில் அந்த அறைக்குள் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கதவோரம் சின்ன மேசையில், நடப்பதை எழுதிக்கொள்ள நான். டைம் ஆபீஸ் கிளார்க்கான எனக்கு அங்கே வேலையே இல்லை. தாராபுரம் பள்ளிக்கூடத்தில் நாலு கோடு நோட்டில் எழுதி எழுதிக் கையெழுத்து உருண்டு வந்திருந்ததால் கூப்பிட்டிருந்தார்கள்.

வெளியே வராந்தாவில் கோனிங் டிபார்ட்மெண்ட் பெண்கள் இருபத்திரண்டு பேர். பெஞ்சில் எட்டுப் பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் சுவரோரம் குத்த வைத்திருந்தார்கள். தொண்ணூற்று நாலாம் வருஷம், கார்த்திகை மாதம், வியாழக்கிழமை. காலையிலிருந்து தூறல். சத்தி ரோட்டிலிருந்து நனைந்து வந்தவர்களின் தலையில் ஈரமும், மில்லுக்குள் ஒட்டிய பஞ்சும் சேர்ந்து நரைத்தாற்போல் இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் மில் நூல் திருப்பூருக்குப் போகும். ஐப்பசியிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வர ஆரம்பித்தது. பனியன் துணியில் பொத்தல் விழுகிறது என்றார்கள். பாபின் என்னும் சின்னக் கட்டையிலிருந்து நூலைக் கோனில் சுற்றும் புது மிஷின் ஆனி மாதத்தில் வந்தது. அந்த மிஷினில் அடிக்கடி ஒரு மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரியும். அப்போது பெண்கள் ஒரு பொத்தானை இரண்டு தடவை அழுத்தி மிஷினை ஓட விட்டிருக்கிறார்கள். பொத்தலுக்கு அதுதான் காரணம் என்றார்கள். அழுத்தச் சொன்னது யார்? அதுதான் விசாரணை.

ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்கள். முதலில் வந்தவள் பங்காரம்மா. வயது இருபத்தைந்துக்குள், வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்கள் பேச்சு.

"மிஷின்ல மஞ்ச வெளக்கு எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்றார் சீனிவாசலு.

"ரெண்டு அழுத்து அழுத்துவனுங்க. ஓடிருமுங்க."

"அப்பிடி அழுத்தச் சொன்னது ஆரு?"

"ஆரும் சொல்லலீங்க. ராசாத்தக்கா அப்பிடித்தானுங்க அழுத்துவாங்க."

"அவங்க செஞ்சா நீங்களும் செய்யோணுமா?"

பங்காரம்மா அவரை வேடிக்கையாகப் பார்த்தாள். "பின்ன ஆரைப் பாத்துங்க செய்யறது?"

சொல்லிவிட்டு ராசாத்தக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பை நான் விளக்கியாக வேண்டும். எங்கள் மில்லில் ராசாத்தக்கா பேருக்கு ஒரு நடப்பு உண்டு. காலையில் லேட்டாக வந்தவள், "ராசாத்தக்கா கூடத்தானுங்க வந்தேன்" என்றால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். யாருடைய லீவுச் சீட்டோடும் அக்கா வந்து நின்றால் ரங்கராஜ் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். ஆகவே அன்றைக்கும் அந்தப் பேரைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும், அக்காவையும் யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியே நினைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஜபருல்லா வேண்டாம் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். அதைத் தைரியம் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னார்கள்.

பத்தாவது ஆளுக்கு மேல் சீனிவாசலு தலை நிமிராமலே கேட்டார். பதினைந்தாவது ஆளுக்கு நான் 'மேற்படி' என்று போட்டேன். "மேற்படி வேண்டாமுங்க, பேரை முழுசா எழுதுங்க" என்றார். இருபத்திரண்டு தடவை ராசாத்தாள் என்று எழுதினேன்.

மிஷின் வந்த கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுக் காற்று தகரத்தைத் தூக்கும் நாட்களில், பெரிய பெரிய மரப்பெட்டியில் வந்து இறங்கியது. அறுந்த நூலை அதுவே காற்றை ஊதிச் சேர்த்துவிடும். முடிச்சுப் போட ஆள் வேண்டாம். பெண்கள் பதினெட்டு நாள் அதைத் தொடவில்லை. "பத்துப் பேரு வேலைய ஒண்ணே பாக்குமாமா, அப்ப ஒம்பது பேரு எங்க போறது?" என்று ஒருத்தி கேட்டாள். சீனிவாசலு கூட்டம் போட்டு யாரையும் நிறுத்தமாட்டோம் என்றார். நோட்டீஸ் ஒட்டினார். பம்பாயிலிருந்து இன்ஜினியர் வந்து இங்கிலீஷில் பாடம் நடத்தினார். ரங்கராஜ் தமிழில் சொன்னார். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு ராசாத்தக்கா முகத்தைப் பார்த்தார்கள். அக்கா தொடவில்லை, ஆகவே யாரும் தொடவில்லை.

பத்தொன்பதாம் நாள் டீ வேளையில், மற்ற பெண்கள் தள்ளி நின்று பார்க்க, இன்ஜினியரும் ரங்கராஜும் இருந்த மிஷின் பக்கம் அக்கா மட்டும் போய் நின்றார். சேர்த்த நூலை இரண்டு கை நீளம் இழுத்து உதட்டுக்கு நடுவில் ஓடவிட்டுப் பார்த்தார். மறுக்கா ஓடவிட்டார். "எங்க சேந்துச்சுன்னே தெரியலியேங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அங்கேயே நின்று ஒரு கோன் ஓட்டினார். அப்போது மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இது எதுக்குங்க எரியுது?"

இன்ஜினியர் நீளமாக என்னவோ சொன்னார். ரங்கராஜுக்கு அதில் பாதி பிடிபடவில்லை. அத்தனை பெண்கள் பார்க்க மறுபடி கேட்க அவருக்குக் கூச்சம். "அது வந்துங்க… மிஷின் களைச்சுப் போச்சுன்னு அர்த்தமுங்க. ரெண்டு தடவை அழுத்தினா ஓடிரும்" என்றார்.

களைத்துப்போனது என்றால் அக்காவுக்குத் தெரியும். தாராபுரத்துப் பக்கம் அவர் புகுந்த வீட்டில் ஏர் மாடு களைத்து நின்றால் இடது உள்ளங்கையால் விலாவில் ஒரு தட்டு, நாக்கால் ஒரு 'ட்டா'. அதையே மிஷினுக்கும் செய்தார். தட்டினார், நாக்கைச் சொடுக்கினார், இரண்டு அழுத்து அழுத்தினார். ஓடியது.

மறுநாள் காலையில் இருபத்திரண்டு பேரும் மிஷினுக்கு வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. "நோட்டீஸுக்கு வாங்கின கோந்து வீணுங்க, ராசாத்தாளம்மா ஒரு ஆளு போதும்" என்று சீனிவாசலு என்னிடம் சிரித்தார். ஆவணியில் இன்ஜினியர் திரும்பி வந்து பார்த்தபோது, மஞ்சள் விளக்கு எரிந்த இடத்திலெல்லாம் ஒரு பெண் இடது கையால் மிஷினைத் தட்டி, நாக்கைச் சொடுக்கி, இரண்டு தடவை அழுத்திக்கொண்டிருந்தாள். அக்கா தட்டும் உயரம் எட்டாதவள் குதிகாலைத் தூக்கித் தட்டினாள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, எதற்கு அழுத்துகிறாய் என்று ஒருத்தியையும் கேட்காமல் ஊருக்குப் போய்விட்டார்.

மறுபடியும் விசாரணைக்கு வருகிறேன். கடைசியாக அக்காவின் முறை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"அவங்க சொன்னது நெசந்தானுங்க."

"உங்களுக்கு ஆரு சொல்லிக்குடுத்தது?"

முக்காலியில் ரங்கராஜின் முழங்கால் ஆடியது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு சீனிவாசலுவைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த மஞ்ச வெளக்கு எதுக்குங்க எரியுது?"

 சீனிவாசலு ரங்கராஜைப் பார்த்தார். ரங்கராஜ் பீரோவைப் பார்த்தார். ஜபருல்லா என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் புஸ்தகத்துல இருக்குதுங்கம்மா. கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க."

"தெரிஞ்சா நானுஞ் சொல்லிப்போடுவனுங்க."

அக்கா கேட்டதையும் நான் வரிசையில் எழுதியிருந்தேன். எல்லோரும் போன பிறகு சீனிவாசலு படித்துப் பார்த்து, "கேள்வி கேக்கறது நாமளுங்க. அவங்க கேட்டதை எதுக்கு எழுதறீங்க, அடிச்சுப் போடுங்க" என்றார். ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன்.

முடிவு இப்படி: ராசாத்தாளுக்கு அன்றிலிருந்து வேலை இல்லை. ஏழு நாளைக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வேலை போகும். வேலை போனால் மில் கொடுத்த லைன் வீடும் போகும்.

அக்கா வராந்தாவுக்கு வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.

"என்னாச்சுங்க்கா?"

"வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க கண்ணு."

யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "நீ என்னடி சொன்னே?" என்று கேட்டாள். "நீ என்ன சொன்னே?" என்றாள் அவள். பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அந்தக் கேள்வி போனது. அது போய்ச் சேர்ந்த பிறகு ஒருத்தியும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

மில் மதிலுக்குப் பின்னால் பன்னிரண்டு லைன் வீடுகள். ஏழாவது அக்காவுடையது, கடைசி என்னுடையது. அக்காவின் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் தாராபுரத்துப் பக்கம் காடு பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார், மாசம் ஒருக்கா வருவார். பிள்ளைகள் இல்லை.

மூன்றரைக்குச் சங்கு ஊதினால் பெண்கள் எல்லோரும் அந்த வீடுகளின் முன்னால்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். முன்பெல்லாம் அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவி, தலையில் ஒட்டிய பஞ்சை ஒருத்திக்கு ஒருத்தி எடுத்துவிட்டு, மத்தியானம் மீந்ததை அங்கேயே தின்றுவிட்டுத்தான் நகர்வார்கள். இப்போது அக்கா கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"நடையிலயே தெரியுதுங் தம்பி, ஆரு போறாங்கன்னு" என்றார் என்னிடம். "பங்காரம்மா செருப்பத் தேச்சுட்டுத்தான் நடப்பா. இன்னொருத்தி வலது காலு கொஞ்சம் பலமா வெப்பா. மில் கேட்டுல இருந்து வர்ற வரைக்கும் பேச்சும் சிரிப்பும் கேக்குதுங். நம்மூட்டுக்கு நேரா வந்ததும் எல்லாருக்கும் ஒரே நடையாப் போயிருதுங்."

எட்டு மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுவார். தினமும் எனக்கு ஒரு போசியில் அரிசியும் பருப்பும் சோறு வந்தது. மேலே நெய், ஓரத்தில் வதக்கிய சின்ன வெங்காயம். "ஒரு ஆளுக்கு எப்படி ஒலை வெக்கறதுன்னு கைக்கு மறந்து போச்சுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்பார். பதினான்கு வருஷமாகத் தனியாகச் சமைக்கும் பெண்பிள்ளை. ஆனால் அன்றுவரைக்கும் அவர் ஒரு ஆளுக்குச் சமைத்ததே இல்லை போலிருக்கிறது.

மில்லுக்குள் வெள்ளிக்கிழமையே நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. நான்தான் எழுதினேன், சிவப்பு மையில்: 'மஞ்சள் விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்தக் கூடாது. பாபினை எடுத்துச் சிவப்புத் தட்டில் போட வேண்டும்.' இப்படித்தான் செய்யவேண்டும் என்று இன்ஜினியர் போனில் சொல்லியிருந்தார். மிஷினுக்கு ஒன்றாகச் சிவப்புத் தட்டு வைத்தார்கள். ரங்கராஜ் நின்று தொண்டை வற்றக் கத்தினார். சனிக்கிழமை ஆஜர் எடுக்க உள்ளே போனபோது பார்த்தேன். அவர் இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் ஒரு கை மிஷினைத் தட்டி இரண்டு அழுத்து அழுத்தியது. தட்டுகள் காலியாக, பஞ்சுத் தூசி படிந்து கிடந்தன. வீம்பு இல்லை. அழுத்தின பிறகு நோட்டீஸைப் பார்த்து முழித்தார்கள். அக்கா அந்த மிஷினில் கடைசியாகச் செய்தது எதுவோ அதுவே அவர்கள் கையில் நின்றுபோயிருந்தது.

மேனேஜர் அறைப் பீரோவுக்கு மறு சாவி டைம் ஆபீஸில் இருக்கும். திங்கட்கிழமை மத்தியானம், மேனேஜர் சொன்ன அந்த மிஷின் புத்தகத்தை எடுத்தேன். மேலே சுற்றிய பிளாஸ்டிக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு, மஞ்சள் விளக்கு உள்ள பக்கத்தை ஒன்றரை மணி நேரம் படித்தேன்.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பொங்கியண்ணன் வந்து சேர்ந்தார். ஒரு பையில் நிலக்கடலை, ஒரு பையில் கொள்ளும் முருங்கைக்காயும். அதே நேரத்துக்கு ஜபருல்லாவும் சைக்கிளில் வந்தார். நானும் போசியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா எல்லோருக்கும் கடலையை வேகவைத்து முறத்தில் கொட்டினார்.

"மூட்டையக் கட்டு புள்ள, போலாம்" என்றார் பொங்கியண்ணன். "காடு கெடக்குது, மாடு கெடக்குது. இவங்ககிட்ட நின்னுட்டு என்னத்துக்கு?"

"காட்டுல நான் என்னத்தப் பண்ணட்டுங்க? அங்க ஆரைத் தெரியும் எனக்கு?"

"அட, என்னையத் தெரியாதா?"

"தெரியுங்க. மாசத்துக்கு ரெண்டு நாளு." அக்கா சிரித்தார். அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு அக்கா சொன்னார்: "இத்தன வருசம் நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கந்தான் இருந்தம். ஒண்டியா இருக்கறம்னு ஒரு நாளும் தெரியலீங்க. இந்த அஞ்சு நாளாத்தான் தெரியுது."

ஜபருல்லா கடலைத் தோலை ஒரு காகிதத்தில் சேர்த்துக்கொண்டே பேசினார். "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். மிஷினே கோளாறுன்னு எழுதுங்க. நீங்க எழுதினாப் போதும், கீழ அத்தன பேரும் கையெழுத்துப் போட்டுருவாங்க. மிஷினை மூடி வெக்கச் சொல்லி நான் லேபர் ஆபீஸுக்குப் போறேன்."

"மிஷினு கோளாறில்லீங்களே."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோளாறுன்னும் தெரியாதுங்களே. அது எதுக்கு எரியுதுன்னுதானுங்க அன்னைக்குக் கேட்டேன். நீங்களுஞ் சொல்லலை."

 நான் பையிலிருந்து என் குறிப்பை எடுத்தேன். "அக்கா, புஸ்தகத்துல பாத்தனுங்க. அது களைச்சு எரியறதில்லீங்க. ஒரே பாபின்ல பழுது மறுக்கா மறுக்கா வந்தா, இந்த நூலு வேண்டாம், எடுத்துப்போடுன்னு கூப்புடுதுங்க. நாம பாபினை எடுத்து வெச்சுப்போட்டு வேற போடோணும்."

"ரெண்டு அழுத்து அழுத்தினா?"

"மொத அழுத்துக்கு வெளக்கு நிக்கும். ரெண்டாவது அழுத்துக்கு, இந்தப் பழுது நூலுதான் சரியான நூலுன்னு எடுத்துக்குமுங்க. அதுக்கப்பறம் அதே மாதிரி வர்ற எதையும் வெட்டாது."

அக்கா தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். முறத்தில் கடலை ஆறிக்கொண்டிருந்தது.

"அஞ்சு மாசமாக் கூப்புட்டுட்டு இருந்திருக்குது" என்றார். "நான் தட்டித் தட்டி அடக்கிப்போட்டனுங்க."

"களைச்சுப் போச்சுன்னு சொன்னது ரங்கராஜுதான?" என்றார் ஜபருல்லா. "அதை எழுதலாமுங்க. அந்தாளு மாட்டிக்குவான், நீங்க தப்பிச்சுக்கலாம்."

"அவருக்குந் தெரியாதுங். தெரியாதுன்னு சொல்ல வாயி வல்லை. அன்னைக்கு முழங்காலு ஆடுச்சு பாத்தீங்களா, எனக்கு அதுவே போதும். அவரை மாட்டி உட்டுப்போட்டா வெளக்கு எரியாம இருக்குமுங்களா? நாளைக்கும் எரியும். அவளுக நாளைக்கும் அழுத்துவாளுக."

"அவங்க அழுத்தினா உங்களுக்கென்னங்க இப்ப? ஒருத்தி வந்து எட்டிப் பாத்தாளா?"

அக்கா ஆறின கடலையை முறத்தில் ஒதுக்கினார். பொங்கியண்ணன் அவருக்காகச் சொன்னார். "உடுங் சாயபு. அவ பழக்கின மாடு வழி தப்பிப் போனா அவதான போய் ஓட்டிட்டு வரோணும்."

*

எங்கள் மில்லுக்கு வார லீவு புதன்கிழமை. கரண்டுக்காக ஒவ்வொரு மில்லுக்கும் ஒவ்வொரு நாள். கெடு மறுநாளோடு முடிகிறது. அக்காவை உள்ளே விட வேண்டாம் என்று கேட்டில் உத்தரவு. அதனால் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிடுங்கள், முத்திரைத் தேதியே சாட்சி என்று ஜபருல்லா சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலை ஒன்பது மணிக்குக் காகிதம், பேனா, ஸ்கேலோடு போனேன். பொங்கியண்ணன் பின்பக்கம் முருங்கைக்குச்சி நட்டுக்கொண்டிருந்தார். வீடு போகப்போகிறதே, எதற்கு நடுகிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

நான் 'அனுப்புநர்', 'பெறுநர்' எழுதி முடிப்பதற்குள் வாசலில் செருப்புத் தேயும் சத்தம் கேட்டது. அக்கா நிமிராமலே, "வா பங்காரு. மழைல நிக்காத" என்றார்.

குடையை மடக்காமல் அப்படியே நின்றாள் பங்காரம்மா. "நான் ஒருத்தி சொன்னா என்னாகப் போவுதுன்னு நெனச்சனுங்க்கா. உங்க பேரைச் சொன்னா உட்டுருவாங்கன்னு…"

"எல்லாரும் அதையேதான நெனச்சிருப்பீங்க."

"எல்லாரும்ங்க்கா. பொறவு பேசிப் பாத்தா எல்லாரும் அதையேதான் சொல்றாளுக."

"அப்பறம் ஏன் கண்ணு ஒருத்தியும் வல்லை?"

பங்காரம்மா யோசித்துப் பார்த்தாள். "ஆரும் வல்லீங்க்கா. அதனாலதானுங்க ஆரும் வல்லை."

அக்கா எழுந்து போய் அவள் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கினார். சுவரோரம் உட்காரவைத்து ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார். அவள் குடித்து முடித்தாள். பிறகு சாதக் கரண்டியை எடுத்துச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். கீழே ஒரு வட்டலை வைத்தார்.

"இதுதான் பாபின். வட்டலு செவப்புத் தட்டு. இப்ப மஞ்ச எரியுது. என்ன பண்ணுவே?"

பங்காரம்மாவின் இடது கை தானாகப் போய்ச் சுவரைத் தட்டியது.

"தட்டாத."

"தட்டாம எப்படிங்க்கா? கை போகுதே!"

"அது களைக்கலை புள்ள. கூப்புடுது. கூப்புடறவளைத் தட்டி உக்கார வெப்பியா? எடு. வட்டல்ல போடு. வேற பாபினை வையி. அவ்வளவுதான்."

கரண்டி மூன்று தடவை வட்டலில் விழுந்தது. இரண்டாவது தடவையும் கை சுவருக்குப் போனது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஆறு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது.

"நாளைக்கு இப்பிடியே செய்யி."

"நான் ஒருத்தி செஞ்சா சிரிப்பாளுகங்க்கா. ராசாத்தக்காளுக்கு மேல தெரிஞ்சவளான்னு கேப்பாளுக." கரண்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க வந்து செய்யோணும். இல்லீன்னா ஆகாதுங்க்கா."

அவள் போன பிறகு அக்கா கரண்டியையும் வட்டலையும் எடுத்து வைத்தார். "எழுதுங் தம்பி" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுத்துத் தமிழுக்கு மாற்றியது மட்டும்தான் என் வேலை.

'ஐயா, தாங்கள் கேட்ட விளக்கம். மஞ்சள் விளக்கு எரிந்தபோது இரண்டு தடவை அழுத்தியது நான். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் செய்தார்கள். விளக்கு எதற்கு எரிகிறது என்று தெரிந்துகொள்ளாமல் செய்தது என் தப்பு. இப்போது தெரிந்துகொண்டேன். நோட்டீஸ் ஒட்டிய பிறகும் அவர்கள் அழுத்துகிறார்கள். நான் கடைசியாகச் செய்தது அதுதான் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு ஷிப்டு கொடுங்கள். எல்லோரும் பார்க்க பாபினை எடுத்துச் சிவப்புத் தட்டில் போடுகிறேன். பக்கத்து மிஷினில் பங்காரம்மா நிற்கட்டும். அவளும் அதையே செய்யட்டும். நான் அவளைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டுகிறேன். மறுநாளிலிருந்து அவர்கள் அவளைப் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு தாங்கள் என்ன முடிவு செய்தாலும் சரி.'

என் வழக்கப்படி அதற்குக் கீழே 'என்னை மன்னித்து மீண்டும் வேலை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினேன். எந்தக் கடிதத்துக்கும் நான் எழுதும் கடைசி வரி அது. படித்துக் காட்டினேன்.

"அதை நான் சொல்லலீங்களே."

"கேக்காம எப்படிங்க்கா? வேலை திரும்ப வேண்டாமுங்களா?"

"வேணும் தம்பி. ஆனா ரெண்டையுங் கேட்டா, வேலைக்காகத்தான் இதைச் சொல்றேன்னு நெனச்சுப்போடுவாங்க. ஒண்ணுதான் கேக்க முடியும். அடிச்சுப்போடுங்க."

"அப்பறம் அவளுக பங்காரம்மாளைப் பாக்கப் பழகிட்டா உங்களை ஆருங்க பாப்பாங்க?"

"பாக்க வேண்டாமே" என்றார்.  முருங்கைக்குச்சியை மண்ணில் இறுக்கும் சத்தம் பின்பக்கமிருந்து வந்தது.

ஸ்கேல் வைத்து அடித்தேன். என் கையெழுத்து சீனிவாசலுவுக்குத் தெரியும். ஆகவே அக்காதான் பார்த்து எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. காகிதத்தைத் தரையில் வைத்து, ஒரு முழங்காலை மடக்கி, என் எழுத்தின் சுழியைக்கூட விடாமல் பார்த்துப் பார்த்து எழுதினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடித்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

கடைசி வரிக்கு வந்தபோது நான் நின்றுவிட்டேன். மன்னித்து மீண்டும் வேலை வழங்குமாறு என்ற வரியையும் எழுதி, அதன் மேல் என்னைப் போலவே ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தார்.

"அக்கா, இது எழுத வேண்டாம்னு அடிச்சதுங்க."

குனிந்து பார்த்தார். காதோரம் வரைக்கும் வெட்கம் ஏறியது. "அட கெரகமே. அடிச்சதையுஞ் சேத்து எழுதிப்போட்டனாட்ட இருக்குதே."

"வேற காகிதம் இருக்குதுங்க. மறுக்கா எழுதிரலாம்."

அக்கா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும் உடுங். நானும் பாத்துத்தான செஞ்சேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டார். மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். உறையின் ஓரத்தில் இரண்டு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்து அக்காவே ஒட்டினார். ஒட்டியதும் இடது உள்ளங்கை பழக்கத்தில் மேலே எழுந்தது. எழுந்த கை அந்தரத்தில் நின்றது. பிறகு கட்டைவிரலை மட்டும் ஓரத்தில் வைத்து, ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

சரவணம்பட்டித் தபாலாபீஸில் அதை எடை போட்டு, தபால்தலை ஒட்டி, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்கள். லீவு நாளானதால் மூன்றரைக்குச் சங்கு ஊதவில்லை. அந்த நேரத்துக்குத்தான் தபால் பையைக் கட்டித் தபால் வண்டியில் ஏற்றினார்கள்.